வாடகை வீடும் புகையும்: யார் பொறுப்பு?



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் குழந்தைகள் வார்டில் கட்டில்கள் போதுவதில்லை. இருமலும் இளைப்புமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வருகிறார்கள். ஆவி மருந்து பிடித்து, இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தால் பிள்ளை தெளிந்து சிரிக்கத் தொடங்கிவிடும். நாமும் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளை, அதே இளைப்போடு, அதே கட்டிலுக்குத் திரும்பி வருகிறது.

அப்படித் திரும்பி வந்த ஒரு பிள்ளையின் தாயிடம் நம் டாக்டர் வீட்டைப் பற்றிக் கேட்டார். ஒரே அறை. வாசலோரம் விறகடுப்பு. ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாதா என்று கேட்டபோது அந்தத் தாய் சொன்னது: "ஜன்னல் இருக்கு டாக்டரம்மா. வீட்டுக்காரங்க பலகை வெச்சு ஆணி அடிச்சிட்டாங்க. கேட்டா காலி பண்ணச் சொல்லுவாங்க."

பிள்ளையின் நோய்க்கு மருந்துச் சீட்டு எழுதினோம். ஆணி அடித்த ஜன்னலுக்கு எந்தச் சீட்டு எழுதுவது? புகையைச் சுவாசிப்பவர் ஒருவர். அந்த வீட்டை மாற்றும் அதிகாரம் உள்ளவர் வேறொருவர். இருவருக்கும் நடுவில் நின்று நியாயம் கேட்பது யார்? இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடிய ஒரு நாடு இங்கிலாந்து. அங்கே தவறியது என்ன, நன்மையாய் முடிந்தது என்ன என்பதை இம்மடலில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புகை உடலில் செய்வது என்ன?

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிடத் தெரியாத துகள்களே அதிகக் கேடு செய்பவை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைப் பி.எம். 2.5 என்று குறிப்பிடுகிறார்கள். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானவை இவை. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்குகின்றன. சளிக்காய்ச்சல், ஆஸ்துமா, முதியோருக்கு வரும் நாட்பட்ட மார்ச்சளி மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்கூட இவற்றோடு தொடர்புடையவை.

நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வாயுவும் சேர்ந்து வரும். அது மூச்சுக் குழாயை எரித்துச் சுருங்கச் செய்யும். அடைத்த அறையில் விறகோ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் மற்றொரு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏறும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கதவைச் சாத்திவிட்டுக் கரிச்சட்டியோடு தூங்கியவர்கள் எழுந்திராமல் போவது இதனால்தான்.

1952, லண்டன்

1952 டிசம்பர் 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை லண்டன் நகரத்தின்மேல் மூடுபனி இறங்கியது. கடுங்குளிர்; காற்று அசையவில்லை. மேலே வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் கவிந்திருந்ததால் கீழேயிருந்த குளிர்ந்த காற்று எழும்ப வழியில்லை. இலட்சக்கணக்கான வீடுகளில் குளிர்காயும் நிலக்கரி அடுப்புகள் இரவும் பகலும் எரிந்தன. மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் எரித்தன. அத்தனை புகையும் நகரத்தின்மேலேயே நின்றது.

ஐந்து நாள் அந்த இருள் விலகவில்லை. தம் கால்களையே காண முடியாமல் மக்கள் சுவரைத் தடவி நடந்தார்கள். பேருந்துகள் நின்றன. நாடக அரங்குக்குள்ளும் புகை புகுந்து, மேடை தெரியாததால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதாயிற்று. கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்த மாடுகள் மூச்சடைத்துச் செத்தன. டிசம்பர் 9-ஆம் தேதி காற்று வீசிப் புகை கலைந்த பிறகுதான் இறந்தோரின் கணக்கு தெரிய வந்தது. சுமார் 4,000 பேர் என்று முதலில் மதிப்பிட்டார்கள். தொடர்ந்து வந்த வாரங்களையும் சேர்த்துப் பிற்காலத்து ஆய்வாளர்கள் செய்த மதிப்பீடு சுமார் 12,000. குழந்தைகளும், முதியோரும், ஏற்கெனவே மார்பு நோய் உள்ளவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

சட்டம் நுழையாத இடம்

அதற்கு முன் புகைக்கு எதிராகச் சட்டமே இருந்ததில்லையா? இருந்தது. 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் கரும்புகை கக்கும் புகைபோக்கியைப் பொதுத்தொல்லை என்று அறிவித்தது. ஆனால் குடியிருப்பு வீட்டின் புகைபோக்கிக்கு அதிலேயே விலக்கு அளித்தது. ஆலைக்குள் அதிகாரி போகலாம். அவரவர் வீட்டு அடுப்பு அவரவர் உரிமை என்பது அந்நாட்டு மக்களின் எண்ணம். அந்த விலக்கின் விலையை எண்பது ஆண்டுகள் கொடுத்தார்கள்.

வீடும் புகையும் ஒரே பிரச்சினை என்பதை முன்னரே கண்டுகொண்ட ஒரு பெண்மணி இருந்தார். ஆக்டேவியா ஹில் (1838-1912) என்பது அவர் பெயர். 1865-ல் லண்டன் மேரிலபோன் பகுதியில் பாழடைந்து கிடந்த மூன்று வீடுகளை, ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தால் குத்தகைக்குப் பெற்று, ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். பணம் போட்டவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் போய்ச் சேரும். அதற்குமேல் வருவது வீட்டைச் செப்பனிடச் செலவாகும். வாரந்தோறும் வாடகை வாங்க அவரும் அவரோடு பணிசெய்த பெண்களும் நேரில் போவார்கள். போகிறபோதே ஜன்னல், சாக்கடை, கூரை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவருவார்கள்.

அந்நாளில் இங்கிலாந்துத் திருச்சபையும் ஏராளமான வாடகை வீடுகளுக்குச் சொந்தமாயிருந்தது. திருச்சபைச் சொத்துக்களைக் கவனித்த ஆணையர்கள் 1884-ல் லண்டன் சவுத்வார்க் பகுதியில் தங்களுக்கிருந்த ஏழைக் குடியிருப்புகள் சிலவற்றை ஹில் அம்மையாரின் பொறுப்பில் விட்டார்கள். ஆலயத்தின் சொத்தாக இருப்பதால் மட்டுமே ஒரு வீடு நல்ல வீடாகிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இதே அம்மையார் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மருத்துவ இதழாசிரியரான எர்னஸ்ட் ஹார்ட்டோடு சேர்ந்து, லண்டன் புகையைக் குறைக்க ஒரு குழு அமைத்தார். 1881-82 குளிர்காலத்தில் புகை குறைந்த அடுப்புகளின் கண்காட்சி ஒன்றும் நடந்தது. மக்கள் வந்து பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பழைய அடுப்பையே மூட்டினார்கள். புத்திமதியால் மட்டும் புகை போகவில்லை.

1956-ல் மாறியது என்ன?

1952-க்குப் பிறகு சர் ஹியூ பீவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1954-ல் வந்த அதன் அறிக்கை, நாட்டின் புகையில் ஏறக்குறைய பாதி வீட்டு அடுப்புகளிலிருந்தே வருகிறது என்று எடுத்துக் காட்டியது. 1956 ஜூலையில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று. அந்தச் சட்டத்தின் வேலைமுறையை நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அதிகாரம் உள்ளாட்சி மன்றத்தின் கையில் கொடுக்கப்பட்டது. தன் எல்லைக்குள் ஒரு பகுதியைப் "புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி" என்று மன்றம் அறிவிக்கலாம். அங்கே வீட்டுப் புகைபோக்கியிலிருந்தும் புகை வரக் கூடாது. மான்செஸ்டர், கவென்ட்ரி போன்ற நகரங்கள் தனிச் சட்டங்களின் மூலம் சில தெருக்களில் இதை முன்னமே செய்து பார்த்திருந்தன.

இரண்டாவது, செலவு பங்கிடப்பட்டது. பழைய வீட்டில் நிலக்கரி அடுப்பை எடுத்துவிட்டுப் புகையில்லாத எரிபொருளுக்கு ஏற்ற அடுப்பு வைக்க ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை மன்றம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஏழில் நான்கு பங்கை மத்திய அரசு மன்றத்துக்கு ஈடுசெய்யும். மீதி மூன்று பங்கையும் கொடுக்க மன்றம் விரும்பினால் கொடுக்கலாம்.

மூன்றாவது, வாடகை வீட்டுக்கும் வழி இருந்தது. அடுப்பை மாற்றும்படி வீட்டுக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ மன்றம் நோட்டீஸ் அனுப்பலாம். செலவு செய்தவர் வீட்டுக்காரரானாலும் குடித்தனக்காரரானாலும் அவருக்கே உதவிப்பணம் போய்ச் சேரும்.

ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடவில்லை. 1962 டிசம்பரில் லண்டனில் மறுபடியும் நச்சுப்பனி வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சுரங்கத் தொழிலாளருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாக நிலக்கரி கிடைத்த வடபகுதி ஊர்கள் பல தயங்கித் தயங்கியே இதற்குள் வந்தன. 1960-களின் பிற்பகுதியில் வடகடல் எரிவாயு வந்தது பேருதவியாயிற்று. ஆயினும் தெருத்தெருவாக அறிவித்து, வீடுவீடாகப் பார்த்து, பணமும் கொடுத்து மாற்றிய அந்த வேலை இல்லாமல் எரிவாயு மட்டும் எல்லாவற்றையும் செய்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் வந்து பார்க்கும் அதிகாரி

தெருவின் புகை குறைந்தது. வீட்டுக்குள்ளே இருக்கும் காற்று? 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு இதில் தெளிவான கடமையைக் கொடுத்தது. வீட்டிலிருக்கும் ஆபத்துகளை 29 வகையாகப் பிரித்தார்கள். ஈரக்கசிவும் பூஞ்சணமும், கடுங்குளிர், இடநெருக்கடி, கார்பன் மோனாக்சைடும் எரிபொருள் புகையும் அதில் அடக்கம். மன்றத்தின் சுகாதார அலுவலர் வீட்டுக்குள் வந்து பார்த்து ஆபத்தை அளவிடுவார். மிகக் கடுமையானது என்று கண்டால், நடவடிக்கை எடுப்பது மன்றத்தின் விருப்பமல்ல, கடமை. செப்பனிடும்படி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அறையைப் பயன்படுத்தத் தடை விதிக்கலாம். அவசரமானால் தானே வேலையை முடித்துச் செலவை வசூலிக்கலாம்.

பல குடும்பத்தார் சேர்ந்து ஐந்து பேருக்குக் குறையாமல் தங்கி, சமையலறையோ குளியலறையோ பொதுவாக இருக்கும் வீட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம். சில பகுதிகளில் எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்குமே லைசென்ஸ் கேட்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2013 ஜனவரியில் தன் எல்லை முழுவதற்கும் அதை முதன்முதலாகக் கொண்டுவந்தது கிழக்கு லண்டனிலுள்ள நியூஹாம் மன்றம். நம் வாசகர் சிலருடைய பிள்ளைகளும் உறவினரும் வாழக்கூடிய ஈஸ்ட் ஹாம், தமிழ்க் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் நிறைந்த அந்தப் பகுதி, இந்த மன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

2015-ல் மற்றொரு விதி வந்தது. வாடகை வீட்டின் ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். விறகோ கரியோ எரிக்கும் அடுப்புள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் எரிவாயுக் கொதிகலன் உள்ள அறைக்கும் இது நீட்டிக்கப்பட்டது. பொருத்தும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கவனிக்கும் பொறுப்பு மன்றத்தினுடையது. உத்தரவு கொடுத்தும் செய்யாதவருக்கு 5,000 பவுண்டு வரை அபராதம்.

"கேட்டால் காலி பண்ணச் சொல்லுவாங்க"

இவ்வளவு இருந்தும் அங்கேயும் ஏழைக் குடித்தனக்காரர் வாய் திறக்கத் தயங்கினார்கள். 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, காரணம் எதுவும் காட்டாமலே இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் காலி செய்யக் கேட்க வீட்டுக்காரருக்கு வழி இருந்தது. இன்று மன்றத்துக்கு எழுதினால் நாளை நோட்டீஸ் வரும் என்ற பயம். நம் வார்டில் அந்தத் தாய் சொன்ன அதே வார்த்தை, வேறு மொழியில்.

இந்தப் பயம் நீங்காதவரை ஆய்வு அதிகாரியால் பயனில்லை என்பதை மெதுவாகவே உணர்ந்தார்கள். செப்பனிடும்படி மன்றம் நோட்டீஸ் கொடுத்த வீட்டில், ஆறு மாதத்துக்கு அப்படிக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்று 2015-ல் சட்டம் வந்தது. காரணமின்றி வெளியேற்றும் அந்த வழியையே 2026 மே 1-ஆம் தேதியோடு மூடும் சட்டம் 2025 அக்டோபரில் நிறைவேற்றப்பட்டது.

இடையில் ஒரு குழந்தையின் உயிர் போனது. 2020 டிசம்பரில், ராச்டேல் என்னும் ஊரில், அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுச் சிறுவன் இறந்தான். சமூக வாடகைக் குடியிருப்பு ஒன்றில் அவன் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். தகப்பனார் 2017 முதலே முறையிட்டு வந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி சொன்னார்கள். பூஞ்சணம் படர்ந்த காற்றை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். இது புகையல்ல, பூஞ்சணம்தான். ஆனால் கேள்வி அதேதான்: சுவாசிப்பவர் ஒருவர், சுவருக்குச் சொந்தக்காரர் வேறொருவர். அந்தப் பிள்ளையின் பெயராலேயே வழங்கும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு ஆபத்தான அவசரக் குறையை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் என்றால் 10 வேலை நாட்களுக்குள் வந்து பார்த்து, அதன்பின் 5 வேலை நாட்களுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும்.

புகையும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வசதிக்காகவும் அழகுக்காகவும் விறகடுப்புகள் மறுபடி வீடுகளுக்குள் வந்தன. ஆகவே 2021-ல் ஈர விறகைச் சிறு அளவில் விற்பதும், 2023-ல் வீட்டு உபயோக நிலக்கரியை விற்பதும் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டன. கட்டுப்பாட்டுப் பகுதியில் புகை விடும் வீட்டுக்கு 175 முதல் 300 பவுண்டு வரை மன்றமே அபராதம் விதிக்க 2022-ல் வகை செய்யப்பட்டது. ஒருமுறை வென்றோம் என்று கைகட்டி உட்கார முடியாத வேலை இது.

நம் ஊருக்கு வருவோம்

நமக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. மக்களின் உடல்நலத்துக்குக் கேடான தொல்லைகளை நீக்கச் சொல்லும் அதிகாரம் அதில் சுகாதார அலுவலருக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் குப்பையை வெட்டவெளியில் எரிப்பதைத் தடைசெய்தன. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதுகளைப் பார்ப்பதை வீட்டுக்காரரின் பொறுப்பாக வைக்கிறது. ஆனால் லைன் வீட்டின் ஒற்றை அறைக்குள் வந்து, "அடுப்புப் புகை எந்த வழியாய் வெளியே போகிறது?" என்று கேட்கிற ஆளை நம் தாய்மார் கண்டதில்லை.

சமையல் எரிவாயுவைப் பொறுத்தமட்டில் ஒரு நல்ல செய்தி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வாலா இரண்டாம் கட்டத்தில், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் முகவரிச் சான்றும் ரேஷன் கார்டும் இல்லாமல், தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியின்பேரில் இணைப்புப் பெற வகை செய்யப்பட்டது. வாடகைக் குடித்தனக்காரருக்கு எப்போதும் தடையாயிருந்தது இந்த முகவரிச் சான்றுதான். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், உங்கள் சபையில் புதிதாய் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கும் இவற்றைச் சொல்லுங்கள். ஏஜென்சியில் விசாரிக்கக் கூடப் போய் வாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சொல்லத் தயக்கந்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். இம்மடலை வாசிப்போரில் சிலர் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள். சில சபைகளுக்கும் வாடகை வருமானம் உண்டு. சட்டமும் அதிகாரியும் வரும்வரை காத்திராமல் நாமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன:

அடுப்புக்கு மேலே புகை வெளியேற ஒரு வழி இருக்கிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

சுவரில் ஈரம் ஏறியிருந்தால் மேலே சுண்ணாம்பு அடிப்பதோடு நிறுத்தாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டு அடையுங்கள்.

குளிருக்கோ கொசுவுக்கோ அடைத்த அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கக் கூடாது என்று குடியிருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

குறை சொன்னவர் காலி செய்ய வேண்டியதில்லை என்பதை, குடிவரும் நாளிலேயே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

இந்த நான்கில் கடைசியானதுக்குக் காசு செலவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றைப் பற்றி ஒருவரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் முறையாக வீட்டுக்குப் போயிருக்கிறது. இந்த முறை நம் சமூகப்பணி சகோதரி தாயோடு கூடப் போய் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். பலகையை எடுத்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். எடுத்தாரா என்று பார்க்க வரும் வாரம் சகோதரி மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போகிறார்.

 

அன்புடன்,
மருத்துவமனைக் குடும்பத்தார்